25 ரூபாய் இருந்தால் கப்பலில் பங்கு... வ.உ.சி. பதிவு செய்த ‘லிமிடெட்’ கம்பெனி: கள்ளக்குறிச்சியில் தொழில் தொடங்குபவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பப் பட்டறை வைத்திருப்பவர், சின்னசேலம் பக்கம் மரவள்ளிக் கிழங்கில் ஜவ்வரிசி தயாரிப்பவர், கல்வராயன்மலைத் தேனையும் கடுக்காயையும் பாக்கெட் போட்டு விற்க நினைக்கும் இளைஞர்... தொழில் கொஞ்சம் வளர்ந்ததும் இவர்கள் எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான். ‘கம்பெனியா பதிவு பண்ணலாமா, இல்ல இப்படியே ஓட்டலாமா?’

இந்தக் கேள்விக்கு ஆடிட்டர் ஒரு பதில் சொல்வார். ஆனால், லிமிடெட் கம்பெனி என்பது எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பார்த்தாலே போதும். அவர் கப்பலோட்டிய தமிழன் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

செக்கிழுத்த செம்மல் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். ஆனால், அவர் கப்பல் விடுவதற்கு முன்னால் செய்த முதல் வேலை, சட்டப்படி ஒரு கம்பெனியைப் பதிவு செய்தது. அந்தக் கதை பலருக்கும் தெரியாது.

*வக்கீல் வீட்டுப் பிள்ளை*

1872 செப்டம்பர் 5-ம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார் வ.உ.சி. தந்தை உலகநாத பிள்ளை, தாய் பரமாயி அம்மாள். தந்தை வக்கீல். மகனும் சட்டம் படித்து, ஒட்டப்பிடாரத்திலேயே வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1900-ல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

தூத்துக்குடி அன்றைக்கே பெரிய துறைமுகம். இங்கிருந்து கொழும்புக்குச் சரக்கும் ஆட்களும் போய்க்கொண்டே இருப்பார்கள். ஆனால், அந்தக் கடல்வழி முழுக்க பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் கையில் இருந்தது. கட்டணம் என்ன, யாருடைய சரக்கு ஏறும் என்பதெல்லாம் அவர்கள் வைத்ததுதான் சட்டம்.

1905-ல் வங்கப் பிரிவினைக்குப் பிறகு நாடு முழுக்கச் சுதேசி இயக்கம் பரவியது. வெளிநாட்டுத் துணியை எரிப்பதோடு பலர் நின்றுகொண்டார்கள். வ.உ.சி. யோசித்தது வேறு. வெள்ளைக்காரன் பொருளை வேண்டாம் என்று சொன்னால் போதாது, அந்த வியாபாரத்தை நாமே செய்ய வேண்டும் என்று நினைத்தார். தூத்துக்குடியில் தரும சங்க நெசவுச் சாலையை அவர் ஏற்படுத்தியதும் இந்த எண்ணத்தில்தான். அடுத்து அவர் கண் போனது கடல் மேல்.

*10 லட்சத்தை 40,000 துண்டாக்கிய கணக்கு*

கப்பல் தொழிலுக்கு லட்சக்கணக்கில் பணம் வேண்டும். ஒரு ஜமீன்தாரோ ஒரு வியாபாரியோ தனியாகப் போட்டால், தொழில் கவிழ்ந்ததும் அவர் குடும்பமே கவிழ்ந்துவிடும். கடனுக்கு வீடு, நிலம் எல்லாம் போகும். எதிரே நிற்பது உலகத்தின் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்று. யார் அந்தத் துணிச்சலுக்கு வருவார்கள்?

வக்கீலான வ.உ.சி.க்கு இதற்கு வழி தெரிந்திருந்தது. 1906 அக்டோபர் 16-ம் தேதி, 1882-ம் ஆண்டின் இந்தியக் கம்பெனிகள் சட்டத்தின்கீழ் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி லிமிடெட் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். அது 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பங்கின் விலை 25 ரூபாய்.

தலைவராகப் பொறுப்பேற்றவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது. இவ்வளவுக்கும் காரணமான வ.உ.சி. வைத்துக்கொண்ட பதவி உதவிச் செயலாளர்.

*சரி, லிமிடெட்னா என்ன?*

கடைப் பெயர்ப் பலகையில் தினமும் பார்க்கும் சொல்தான். ‘லிமிடெட்’ என்றால் வரம்புக்குட்பட்டது. எது வரம்புக்குட்பட்டது? பங்குதாரரின் பொறுப்பு.

25 ரூபாய் கொடுத்து ஒரு பங்கு வாங்கியவர், கம்பெனி எவ்வளவு கடனில் மூழ்கினாலும் அந்த 25 ரூபாயைத்தான் இழப்பார். கடன் கொடுத்தவர் அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. காரணம், சட்டத்தின் கண்ணில் கம்பெனி என்பது தனி ஆள். அதற்குச் சொந்தமாகச் சொத்து இருக்கும், கடன் இருக்கும், அதன் மேல் வழக்குப் போடலாம், அதுவும் வழக்குப் போடலாம். பங்கு வாங்கியவர் வேறு, கம்பெனி வேறு.

பார்ட்னர்ஷிப்பில் இப்படி இல்லை. இரண்டு நண்பர்கள் சேர்ந்து பட்டறை வைத்து, 5 லட்சம் கடன் வாங்கி, தொழில் படுத்துவிட்டால், கடன்காரர் இரண்டு பேரின் சொந்தச் சொத்தையும் பிடிக்கலாம். ஒருவரிடம் ஒன்றும் இல்லை என்றால், மற்றவரிடமே முழுக் கடனையும் கேட்கலாம்.

சுதேசிக் கம்பெனி பதிவான ஆறே நாளில், பார்ட்னர்ஷிப்பின் மறுபக்கத்தையும் சென்னை பார்த்தது. 1906 அக்டோபர் 22-ம் தேதி அர்பத்நாட் என்ற பெரிய ஆங்கிலேய நிறுவனம் திவாலானது. சில பங்காளிகள் நடத்திய நிறுவனம் அது. பொதுமக்களின் டெபாசிட்டை வாங்கி வங்கித் தொழிலும் செய்துவந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று டெபாசிட் போட்டவர்களுக்குத் தெரியாது. பங்காளிகளின் பொறுப்புக்கு வரம்பு கிடையாது என்பது சட்டம். ஆனால், பெட்டி காலியான பிறகு அந்தச் சட்டத்தால் டெபாசிட்தாரர்களின் பணம் முழுசா திரும்பி வரவில்லை. நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்த அடியிலிருந்துதான் 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. அது பலரும் பங்கு வாங்கிய லிமிடெட் கம்பெனி.

*கப்பல் வந்தது, கட்டணப் போரும் வந்தது*

கம்பெனி பதிவானது. ஆனால், சொந்தமாகக் கப்பல் இல்லை. முதலில் பம்பாயின் ஷாலைன் கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்து ஓட்டினார்கள். ஆங்கிலேயக் கம்பெனி கொடுத்த அழுத்தத்தில் அந்த வாடகைக் கப்பல் கைவிட்டுப் போனது. உடனே கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு எடுத்துச் சமாளித்தார் வ.உ.சி.

சொந்தக் கப்பல் இல்லாமல் இந்தத் தொழில் நிற்காது என்று அவருக்குப் புரிந்தது. பங்கு விற்பதற்காக வடக்கே கிளம்பினார். கப்பல் இல்லாமல் ஊர் திரும்புவதில்லை என்ற உறுதியோடு போனவர், சொன்னபடியே செய்தார். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. ஒவ்வொன்றிலும் சாதாரண வகுப்பில் மட்டும் சுமார் 1,300 பேர் போகலாம்.

தூத்துக்குடி வியாபாரிகள் சரக்கைச் சுதேசிக் கப்பலில் ஏற்றினார்கள். பயணிகளும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஆங்கிலேயக் கம்பெனி பதிலுக்குக் கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய்க்கு, அதாவது 8 அணாவுக்கு இறங்கியது. அடுத்து ஆங்கிலேயக் கம்பெனி பயணமே இலவசம் என்று அறிவித்து, ஏறுபவர்களுக்குக் குடையும் கொடுத்தது.

இந்தக் கட்டத்தில்தான் லிமிடெட் கம்பெனியின் இன்னொரு முகம் தெரிகிறது. பங்குதாரரின் இழப்புக்கு வரம்பு இருக்கிறது, நல்லது. ஆனால், கம்பெனியின் பைக்கும் அதே வரம்புதான். பங்கு விற்று வந்த பணம் தீர்ந்தால், சட்டப்படி யாரிடமும் போய் இன்னும் கொடு என்று கேட்க முடியாது. எதிரிக்கு உலகம் முழுக்கக் கப்பல், பல துறைமுகங்களில் லாபம். தூத்துக்குடியில் நஷ்டப்பட்டாலும் அவர்களால் தாங்க முடியும். சுதேசிக் கம்பெனிக்கு அந்த ஒரே வழித்தடம்தான் பிழைப்பு.

*கம்பெனி வேறு, ஆள் வேறு*

வ.உ.சி. கம்பெனிக்காரராக மட்டும் இருக்கவில்லை. சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து தூத்துக்குடி, நெல்லை மேடைகளில் சுயராஜ்யம் பற்றிப் பேசினார். 1908 பிப்ரவரி 27-ம் தேதி தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதற்குப் பின்னால் உறுதியாக நின்றவர் வ.உ.சி. சில நாட்களிலேயே நிர்வாகம் இறங்கிவந்தது, தொழிலாளர்கள் வென்றார்கள்.

இதை அரசாங்கம் பொறுத்துக்கொள்ளவில்லை. 1908 மார்ச் 12-ம் தேதி வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. அலுவலகங்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் உயிரிழந்தார்கள்.

ஜூலை 7-ம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். சிவாவுக்கு உதவியதற்கு 20 ஆண்டு, அரசுக்கு எதிராகப் பேசியதற்கு 20 ஆண்டு, ஆக இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனாலும் கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் சுமார் நான்கரை ஆண்டுகளைக் கழித்தார். மாடு இழுக்க வேண்டிய செக்கைக் கோவைச் சிறையில் அவர் இழுத்தார்.

வழக்கு கம்பெனி மேல் இல்லை. சிதம்பரம் பிள்ளை என்ற மனிதர் மேல். கம்பெனியின் கடனிலிருந்து பங்குதாரரைக் காப்பாற்றும் அதே சுவர், நிறுவியவர் சொந்தமாகச் செய்த காரியத்துக்கு வந்த தண்டனையைத் தடுக்காது.

அந்தச் சுவருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கம்பெனியை உருவாக்கியவர் வ.உ.சி. ஆனால், கம்பெனி அவருக்குச் சொந்தம் இல்லை. அது பங்குதாரர்களுடையது. முடிவெடுப்பது இயக்குநர்கள். அவர் உள்ளே போன பிறகு, போலீஸ் கெடுபிடி, அதிகாரிகளின் நெருக்கடி, நஷ்டம் என எல்லாம் சேர்ந்து கம்பெனியை அழுத்தின. ஆங்கிலேயரை எதிர்த்து நிற்கும் துணிச்சல் வெளியே இருந்தவர்களிடம் இல்லை. 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கினார்களோ, காலியா கப்பல் அந்தக் கம்பெனிக்கே விற்கப்பட்டது.

25 ரூபாய் போட்டவரின் இழப்பு அந்த 25 ரூபாயைத் தாண்டவில்லை. நிறுவியவர் வெளியே வந்தபோது அவரிடம் எதுவும் மிச்சம் இல்லை.

*சிறைக்குப் பிறகு*

1912 டிசம்பரில் விடுதலையானபோது சிறை வாசலில் பெரிய கூட்டம் இல்லை. வக்கீல் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. சொத்தும் கரைந்திருந்தது. சென்னைக்கு வந்து, மளிகை, அரிசி என்று சின்னச் சின்ன வியாபாரம் செய்து பார்த்தார். எதுவும் கைகொடுக்கவில்லை. கப்பல் கம்பெனிக்கு 10 லட்சம் மூலதனம் திட்டமிட்டவர், வீட்டுச் செலவுக்கு நண்பர்களின் உதவியை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்தார்.

பிறகு நீதிபதி வாலஸ் உதவியால் வக்கீல் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தன் மகன் ஒருவருக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். இத்தனைக்கும் நடுவில் தமிழை அவர் விடவில்லை. திருக்குறளுக்கு உரை எழுதினார், தொல்காப்பியம் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார், ஜேம்ஸ் ஆலனின் நூலை ‘மனம் போல வாழ்வு’ என்று மொழிபெயர்த்தார், தன் வாழ்க்கையையே செய்யுளாக எழுதினார்.

1936 நவம்பர் 18-ம் தேதி தூத்துக்குடியில் காலமானார். இன்றைக்கு அந்தத் துறைமுகத்துக்கு அவர் பெயர்தான்.

*இன்றைக்குத் தொடங்கினால் என்ன வழி?*

1906-ல் வ.உ.சி. கையாண்ட அடிப்படை இன்றும் அதேதான். சட்டம் மட்டும் மாறியிருக்கிறது. இப்போது நடப்பில் இருப்பது 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம்.

பிரைவேட் லிமிடெட்: குறைந்தது 2 பங்குதாரர்கள், 2 இயக்குநர்கள் வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்தேகூட தொடங்கலாம். குறைந்தபட்ச மூலதனம் இவ்வளவு என்ற விதி 2015-ல் எடுக்கப்பட்டுவிட்டது.

ஒரு நபர் கம்பெனி: தனி ஆளாகவே தொடங்கலாம். ஆனால், நமக்குப் பிறகு யார் என்று ஒரு நாமினியைக் காட்ட வேண்டும்.

எல்.எல்.பி.: 2008-ம் ஆண்டுச் சட்டப்படி வருவது. பார்ட்னர்ஷிப் போலவே நடத்தலாம், பொறுப்புக்கு மட்டும் வரம்பு உண்டு.

உற்பத்தியாளர் கம்பெனி: கல்வராயன்மலையில் சாமை, தினை, மரவள்ளி விளைவிக்கும் விவசாயிகளுக்குப் பொருத்தமானது. குறைந்தது 10 உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் போதும். வ.உ.சி. சிறு பங்குகளைச் சேர்த்ததுபோல, சிறு விளைச்சலைச் சேர்த்துப் பெரிய விலை பேசும் ஏற்பாடு இது.

பதிவு முழுக்க ஆன்லைன்தான். மத்திய அரசின் கம்பெனி விவகாரத் துறை இணையதளத்தில் ‘ஸ்பைஸ் பிளஸ்’ என்ற படிவத்தில் பெயர், பான், டான் எல்லாம் ஒரே இடத்தில் முடியும். இதற்காகச் சென்னைக்கு பஸ் ஏற வேண்டாம். 15 லட்சம் ரூபாய் வரை மூலதனம் காட்டும் கம்பெனிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. முத்திரைத் தீர்வையும், ஆடிட்டர் கூலியும் தனி.

*இதை மட்டும் மறந்துடாதீங்க*

முதலாவது, உதயம் சான்றிதழோ ஜி.எஸ்.டி. எண்ணோ வாங்கினால் லிமிடெட் கம்பெனி ஆகிவிடாது. அவை வேறு. கடன் வந்தால் சொந்தச் சொத்து ஆபத்தில்தான் இருக்கும்.

இரண்டாவது, கம்பெனிக்கு லோன் தரும்போது வங்கி பெரும்பாலும் இயக்குநரிடம் சொந்த ஜாமீன் கையெழுத்து கேட்கும். அதில் கையெழுத்துப் போட்ட அந்தக் கடனுக்கு லிமிடெட் என்ற பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. கம்பெனி கட்டாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டும். வீட்டுப் பத்திரம் கொடுக்கும் முன் இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

மூன்றாவது, வ.உ.சி. ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றார். பிரைவேட் லிமிடெட் கம்பெனி அப்படிச் செய்ய முடியாது. வாட்ஸ்அப் குரூப்பில் ‘எங்க கம்பெனியில பங்கு வாங்குங்க’ன்னு பொதுவாக அழைப்பு விடுவது சட்டப்படி தவறு.

நான்காவது, கம்பெனிப் பணம் வேறு, வீட்டுப் பணம் வேறு. கம்பெனிக் கணக்கிலிருந்து மகள் கல்யாணச் செலவுக்கு எடுத்தால், சட்டம் கட்டிக்கொடுத்த சுவரை நீங்களே இடிக்கிறீர்கள். மோசடி என்று நிரூபணமானால் பொறுப்புக்கு வரம்பே கிடையாது.

ஐந்தாவது, வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் வருடா வருடம் கணக்கும் ஆண்டறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு நாளைக்கு 100 ரூபாய் கூடிக்கொண்டே போகும். தொழிலே தொடங்காமல் கம்பெனியை மட்டும் பதிவு செய்துவிட்டு மறந்துபோனவர்கள் மாட்டுவது இங்கேதான்.

கடைசியாக ஒன்று. கூட யாரைச் சேர்க்கிறோம் என்பதை யோசியுங்கள். வ.உ.சி. போட்ட மூலதனக் கணக்கு தப்பவில்லை. பங்கு வாங்க ஆள் வந்தார்கள், கப்பல் வந்தது, பயணிகள் வந்தார்கள். அவர் இல்லாத நாளில் கம்பெனியைத் தாங்கி நிற்கும் இயக்குநர்கள்தான் இல்லை. நீங்கள் ஆறு மாதம் படுக்கையில் விழுந்தால் உங்கள் கம்பெனியை யார் நடத்துவார்கள், யார் விற்கலாம், யார் விற்க முடியாது? பதிவின்போது தாக்கல் செய்யும் ஆர்ட்டிகிள்ஸ் என்ற விதிமுறை ஆவணத்தில் இதையெல்லாம் எழுதிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இணையத்தில் கிடைக்கும் மாதிரியை அப்படியே காப்பியடிக்காமல், அந்தப் பக்கங்களை ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.